‘பெக்கன்’ என்ற ஆங்கில வினையைத் தப்பில்லாமல் பயன்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

“மை ஃபாதர் பெக்கன்ட் மீ ஓவர் த ஃபோன்.”

செங்கோட்டைப் பக்கம் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளின் நோட்டில் இந்த மாதிரி வாக்கியம் வந்துகொண்டே இருக்கும். இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. எழுவாய் சரி, இறந்தகாலம் சரி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஆனாலும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் இதைப் படித்தால் ஒரு நிமிஷம் முழிப்பார். பெக்கன் என்றால் கைகாட்டிக் கூப்பிடுவது. அப்பா ஃபோனைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினால் மறுமுனையில் இருப்பவனுக்கு என்ன தெரியும்? வீடியோ கால் என்றால் சரி, விட்டுவிடலாம்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. கைக்கு அடக்கமான அகராதிகளில் ‘அழை, கூப்பிடு, கவர்ந்திழு’ என்று மூன்று சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். மூன்றுமே உண்மைதான், ஆனால் எதை எப்போது எடுப்பது என்று அதில் இல்லை. அதனால் இந்த ஒரே வினையை எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து முடி வரை பார்த்துவிடலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அதுதான் வசதி. நோட்டில் எழுதும்போது நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: சொல்லை விடுங்கள், கையைப் பாருங்கள்

செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவில் பிரானூர் பார்டர் இருக்கிறது. இப்போதைய கேரள எல்லை அங்கே இல்லை, மேற்கே புளியரை தாண்டி மலைமேல் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். அதுவரை மலையாள நாட்டோடு இருந்தது. எல்லை நகர்ந்துபோனாலும் ‘பார்டர்’ என்ற பேர் பிரானூரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரிலேயே புரோட்டாவும் பிரபலம்.

அந்தப் புரோட்டாக் கடைகள் வாசலில், மதிய நேரத்தில், ரோட்டோரமாக ஒருவன் நிற்பான். தோளில் துண்டு. தூரத்தில் கார் வருவதைப் பார்த்ததும் ரெண்டு எட்டு முன்னால் வருவான். கையை நெஞ்சு உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் கவிழ்த்து, நாலு விரலையும் சேர்த்துத் தன் பக்கமாக வாரி வாரி இழுப்பான். வாயைத் திறக்கவே மாட்டான். ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிய காருக்குள் சத்தம் போகாது என்று அவனுக்குத் தெரியும். கார் வேகத்தைக் குறைத்ததும் அதே கை கடை வாசலைக் காட்டும்.

அவன் செய்வதுதான் பெக்கன். “த பாய் பெக்கன்ட் த கார் இன்.”

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பார்வையில் படுகிற மாதிரி ஓர் அசைவு இருக்கிறது. பேச்சு இல்லை, அல்லது பேச்சு முக்கியமில்லை. அசைவு கூப்பிடுகிறவனை நோக்கி வருகிறது. இந்த மூன்றும் இருந்தால் இந்த வினையை எடுக்கலாம். ஒன்று குறைந்தால் வேறு வினை தேட வேண்டும். அதே பையன் ‘வாங்க சார், சூடா இருக்கு’ என்று கத்தினால் அது ‘கால்’ அல்லது ‘ஷவுட்’. போ போ என்று கையை வெளிப்பக்கமாக விசிறினால் அது ‘வேவ் அவே’.

அசைவு கையால்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தலையாட்டல் போதும், கண் ஜாடை போதும், ஒரு விரல் போதும். “ஷீ பெக்கன்ட் மீ வித் எ நாட்” என்றால் தலையை அசைத்துக் கூப்பிட்டாள். ‘வித் ஹெர் ஹேண்ட்’ என்று மட்டும் சேர்க்காதீர்கள். தப்பில்லை, ஆனால் சொல்லாமலே தெரிவதைச் சொன்ன மாதிரி ஆகும். கை இல்லாமல் வேறொன்றால் கூப்பிட்டால்தான் ‘வித்’ போட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் வருகிறது.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் மலையாளத்தில் ‘மாடி விளிச்சு’ என்பார்கள். கையசைத்துக் கூப்பிட்டார் என்று அர்த்தம். நாம் தமிழில் ‘கைகாட்டிக் கூப்பிட்டார்’, ‘ஜாடை காட்டினார்’, ‘சைகையால் அழைத்தார்’ என்று ரெண்டு சொல் சேர்த்துச் சொல்கிற இடத்தில், அந்த மலையாள வினையின் முதல் பாதியிலேயே கை வந்துவிடுகிறது. பெக்கன் அதைவிட ஒரு படி மேலே போய், ஒரே சொல்லில் கையையும் அழைப்பையும் அடக்கிக்கொள்கிறது. மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் ‘மாடி விளி’யை நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆங்கிலக் கதை படிக்கும்போது குழம்ப வைக்கும் ஒரு சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துக் கூப்பிடுகிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ளங்கையை மேலே திருப்பி விரல்களை மடக்கிக் கூப்பிடுவார்கள், அல்லது ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டுவார்கள். நம் பாணியில் கூப்பிட்டால் அவர்களில் சிலருக்கு டாட்டா காட்டுகிற மாதிரியோ போகச் சொல்கிற மாதிரியோ தெரியும். ஜப்பானியக் கடைகளில் ஒரு காலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்குமே, மனெகி நெகோ என்ற பூனை பொம்மை, அது நம் கட்சி. வாடிக்கையாளரை உள்ளே கூப்பிடுகிறது. மேற்கத்தியர்கள் அது டாட்டா காட்டுவதாக நினைத்துவிடுவது உண்டு. அவர்களுக்காகவே உள்ளங்கையைத் திருப்பி வைத்துச் செய்த பொம்மைகளும் விற்கின்றன.

ஒற்றை விரலை மடக்கிக் கூப்பிடுவதை நம் ஊரில் பெரியவர் யாரிடமாவது செய்து பாருங்கள், நல்லா வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ஆங்கிலத்திலும் “ஹி பெக்கன்ட் மீ வித் எ ஃபிங்கர்” என்றால் அதில் கொஞ்சம் அதிகாரமோ, இடத்தைப் பொறுத்துச் சரசமோ கலந்திருக்கும். எழுதுகிறவர் விரலைக் குறிப்பிட்டிருந்தால் சும்மா குறிப்பிட்டிருக்க மாட்டார்.

இரண்டாம் படி: வாயும் எழுத்தும்

எழுத்து: பி, ஈ, சி, கே, ஓ, என். தொடக்க ஒலி ‘பஸ்’ஸில் வரும் ப, ‘பல்’லில் வருவது அல்ல. அழுத்தம் முழுக்க முதல் அசையில்; கடைசியில் ‘ஓ’ எழுத்து இருந்தாலும் ‘பெக்கோன்’ என்று இழுக்கக் கூடாது. கடைசி அசை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சுருங்கிவிடும்.

மூன்று சொற்கள் ஒன்றுபோல இருந்து காலை வாரும். பெக்கன் என்றால் கைகாட்டிக் கூப்பிடு. பீக்கன் என்றால் வழிகாட்டும் விளக்கு. பேக்கன் என்றால் உப்புப் போட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி. “த லைட்ஹவுஸ் பேக்கன்ட்” என்று ஒருத்தர் வாசித்தால் கலங்கரை விளக்கம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். முதல் ரெண்டும் உண்மையிலேயே சொந்தக்காரச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் அடையாளம், சைகை என்று பொருள்படும் சொல்லிலிருந்து ரெண்டும் வந்தன. ஒன்று விளக்கால் சைகை காட்டுகிறது, இன்னொன்று கையால். மூன்றாவது அந்தக் குடும்பம் அல்ல.

மூன்றாம் படி: உருவங்கள்

இது ஒழுங்கான வினை. பெக்கன், பெக்கன்ஸ், பெக்கன்ட், பெக்கனிங். இறந்தகாலத்திலும் ‘இங்’ சேர்க்கும்போதும் கடைசி ‘என்’ எழுத்தை இரட்டிக்கக் கூடாது. ‘பிகின்’ என்ற சொல்லில் அழுத்தம் ரெண்டாம் அசையில் விழுவதால் ‘பிகினிங்’ எழுதும்போது ‘என்’ இரட்டிக்கிறது. இங்கே அழுத்தம் முதல் அசையில், அதனால் ஒரு ‘என்’ போதும். அவ்வளவுதான், இந்தப் படியில் மேற்கொண்டு ஒன்றும் இல்லை.

நான்காம் படி: வாக்கியத்துக்குள் எப்படி உட்காரும்?

நம் பிள்ளைகள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். ஒரே காட்சியை வைத்துக்கொண்டு பார்ப்போம். புளியரை செக்போஸ்ட். மேற்கிலிருந்து இறங்கி வரும் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காவலர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வண்டியிலிருந்து இறங்கிய டிரைவரைக் கைகாட்டிக் கூப்பிடுகிறார்.

“த கான்ஸ்டபிள் பெக்கன்ட் த டிரைவர்.” டிரைவர் நேரடிச் செயப்படுபொருள். நடுவில் ஒட்டு எதுவும் இல்லை. இது சரி.

“த கான்ஸ்டபிள் பெக்கன்ட் டு த டிரைவர்.” இதுவும் சரி. ‘டு’ போட்டால் சைகை யாரை நோக்கிப் போனது என்பது முன்னால் வருகிறது. ரெண்டுக்கும் பெரிய பேதம் இல்லை, பரீட்சையில் ரெண்டுக்கும் மார்க் உண்டு. என்னைக் கேட்டால், கூட்டத்தில் ஒருவரைப் பார்த்துச் சைகை செய்கிற இடத்தில் ‘டு’ நன்றாக இருக்கும்; எங்கே வரச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது ‘டு’ இல்லாமல் எழுதுவது நல்லது.

எங்கே என்று சொல்வதற்குச் சின்னச் சின்னச் சொற்கள் இருக்கின்றன. ‘ஓவர்’ என்றால் இந்தப் பக்கம், என்கிட்டே. ‘இன்’ என்றால் உள்ளே. ‘ஃபார்வர்ட்’ என்றால் முன்னால். ‘க்ளோசர்’ என்றால் இன்னும் கிட்டே.

“த கான்ஸ்டபிள் பெக்கன்ட் த டிரைவர் ஓவர்.” இதுதான் நீங்கள் அதிகம் பார்க்கப் போகிற வடிவம். மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். இதில் ‘கம்’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ‘வரச் சொல்லி’ என்று தமிழில் யோசிப்பதால் நமக்கு ‘டு கம்’ என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும். “பெக்கன்ட் ஹிம் டு கம்” தப்பல்ல, ஆனால் வினைக்குள்ளேயே ‘வா’ இருக்கிறபோது இன்னொரு ‘வா’ எதற்கு?

வருவதோடு நிற்காமல் வேறு ஒரு செயலும் செய்யச் சொல்கிறார் என்றால் ‘டு’வோடு வினையைச் சேர்க்கலாம். “ஹி பெக்கன்ட் த டிரைவர் டு ஃபாலோ ஹிம்.” பின்னால் வரும்படி சைகை காட்டினார். இங்கே ‘டு’ அவசியம். “பெக்கன்ட் ஹிம் ஃபாலோ” என்று ‘டு’வை விழுங்கினால் பிழை.

ரெண்டு ‘டு’வும் சேர்ந்து வரலாம்: “ஹி பெக்கன்ட் டு த டிரைவர் டு ஃபாலோ.” காதுக்கு ஒரு மாதிரி இருந்தாலும் சரியான வாக்கியம். ஆனால் “பெக்கன்ட் டு த டிரைவர் ஓவர்” கூடாது. ‘ஓவர்’ வந்தால் நடுவில் உள்ள ‘டு’ கிளம்பிவிட வேண்டும்.

‘தட்’ போட்டு வாக்கியத்தை நீட்டவும் முடியாது. “ஹி பெக்கன்ட் தட் ஐ ஷுட் கம்” என்பது ‘வர வேண்டும் என்று கூப்பிட்டார்’ என்ற தமிழை அப்படியே இறக்கியது, ஆங்கிலத்தில் நிற்காது.

செயப்பாட்டு வினையும் உண்டு. யார் கூப்பிட்டார் என்பது முக்கியமில்லாதபோது, “த டிரைவர் வாஸ் பெக்கன்ட் ஓவர்” என்று எழுதலாம். பெயரடையாகவும் வரும்: “எ பெக்கனிங் ஹேண்ட்” என்றால் வா என்று அழைக்கும் கை.

இன்னொன்று. கூப்பிட்டதால் வந்தான் என்று அர்த்தமில்லை. “த கான்ஸ்டபிள் பெக்கன்ட், பட் த டிரைவர் ப்ரிட்டெண்டட் நாட் டு ஸீ.” காவலர் கைகாட்டினார், டிரைவர் பார்க்காத மாதிரி நின்றுகொண்டார். (எந்த செக்போஸ்ட்டிலும் நடக்கிற கதைதான்.) பார்த்தீர்களா, இங்கே செயப்படுபொருளே இல்லாமல் வினை தனியாக நிற்கிறது. அதுவும் செல்லும்.

ஐந்தாம் படி: கை இல்லாத பொருள்கள் கூப்பிடும்போது

‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்று வயசானவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். காட்டுக்கு வாயும் இல்லை, கையும் இல்லை. ஆனாலும் அது கூப்பிடுகிறது என்பது நமக்கு உடனே புரிகிறது. ஆங்கிலத்தில் பெக்கன் இந்த வேலையையும் அப்படியே செய்கிறது. பேப்பரிலும் பயணக் கட்டுரையிலும் கைகாட்டுகிற அர்த்தத்தைவிட இந்த அர்த்தத்தில்தான் நீங்கள் இதைச் சந்திப்பீர்கள்.

இந்தப் பயன்பாட்டின் அமைப்பு ரொம்பச் சுருக்கம். கூப்பிடும் பொருள் எழுவாய், அடுத்து வினை, முற்றுப்புள்ளி.

“குற்றாலம் பெக்கன்ஸ்.” ஜூனில் சாரல் விழத் தொடங்கி, ரோட்டோரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவியும்போது எழுதத் தகுந்த தலைப்பு. ‘குற்றாலம் பெக்கன்ஸ் பீப்பிள் டு கம் அண்ட் பாத்’ என்று நீட்டினால் ருசி போய்விடும். யாரைக் கூப்பிடுகிறது, எதற்குக் கூப்பிடுகிறது என்பதை வாசகரே போட்டுக்கொள்வார். குறிப்பிட்ட ஒருவரை இழுக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் ‘டு’ போடலாம்: “த ஹில்ஸ் பெக்கன்ட் டு ஹர்.” மலை அவளை வா வா என்றது.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை 1904இல் திறக்கப்பட்டது. கழுத்துருட்டிப் பக்கம் உள்ள பதின்மூன்று கண் பாலம் ரோட்டிலிருந்தே தெரியும். அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிற எல்லாருக்கும் ‘த பிரிட்ஜ் பெக்கன்ஸ்’ என்று எழுதக் கை போகும். ஒரு கட்டுரையில் ஒரு முறை போதும். மலையும் பெக்கன், அருவியும் பெக்கன், புரோட்டாவும் பெக்கன் என்று போனால் படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். பாலத்தைப் பற்றிச் சொல்ல விஷயம் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், அதுவே ஆளை இழுத்துவிடும்.

விளையாட்டுப் பக்கங்களிலும் இது சகஜம். “எ ஃபைனல் பெக்கன்ஸ்” என்றால் இறுதிப் போட்டி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் போதும் என்று அர்த்தம். அதே மாதிரி “எ ஜாப் இன் துபாய் பெக்கன்ட்”, “ரிட்டயர்மென்ட் பெக்கன்ஸ்”. எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது: கூப்பிடும் விஷயம் கண்ணில் படுகிறது, கைக்கு வரவில்லை. வேலை கிடைத்து, துபாய் போய்ச் சேர்ந்தவனைப் பற்றி ‘துபாய் பெக்கன்ஸ் ஹிம்’ என்று எழுத முடியாது. போய்விட்டவனை எங்கே கூப்பிடுவது?

இங்கே ஒரு கிண்டல் பிரயோகமும் உண்டு. அது எனக்குப் பிடித்தது. இனிப்பான எதுவும் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லை வேண்டுமென்றே போடுவது. “எ பைல் ஆஃப் ஆன்சர் பேப்பர்ஸ் பெக்கன்ட்.” விடைத்தாள் கட்டு வா வா என்றது. யாருக்கும் அதில் ஆசை கிடையாது, அதுதான் நகைச்சுவை. “அனதர் மண்டே பெக்கன்ஸ்” என்று வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் பார்த்தால் எழுதியவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

மணமும் கூப்பிடலாம். “த ஸ்மெல் ஆஃப் காஃபி பெக்கன்ட் அஸ் இன்.” முதல் படியில் கண்ணில் படுகிற அசைவு வேண்டும் என்றேன், இங்கே மூக்குக்கு விலக்கு கொடுக்கிறேன். உருவகத்துக்குப் போய்விட்டால் அந்த விதி தளர்ந்துவிடும். ஆனால் ஆளை ஆள் கூப்பிடுகிற இடத்தில் தளராது.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

பெக்கன் தெரிந்தால் மட்டும் போதாது, எங்கே அதை விட்டுவிட்டு வேறு சொல்லை எடுக்க வேண்டும் என்றும் தெரிய வேண்டும்.

‘சம்மன்’ நமக்குப் பழகிய சொல். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது என்றால் பாட்டிக்கும் புரியும். ஆங்கில வினையும் அதே கனத்தோடுதான் இருக்கிறது: மேலதிகாரம் உள்ளவர் வரச் சொல்கிறார், போகாமல் இருக்க முடியாது. “த கலெக்டர் சம்மன்ட் த ஆபிஸர்ஸ்.” இதற்குச் சைகை தேவையில்லை, கடிதம், ஃபோன், ஆள் எதுவானாலும் சரி. முதலில் பார்த்த ஃபோன் வாக்கியத்தில் அப்பா கொஞ்சம் கெடுபிடியானவர் என்றால் “மை ஃபாதர் சம்மன்ட் மீ ஹோம்” என்று எழுதலாம். சாதாரண அப்பா என்றால் “மை ஃபாதர் கால்ட் மீ அண்ட் ஆஸ்க்ட் மீ டு கம் ஹோம்” போதும். சம்மனுக்கு இன்னொரு வேலையும் உண்டு: “ஷீ சம்மன்ட் அப் ஹர் கரேஜ்” என்றால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள். இந்த இடத்தில் பெக்கன் வராது. கோர்ட் காகிதம் என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது ஒருமையிலேயே கடைசியில் ‘எஸ்’ உண்டு, ‘எ சம்மன்ஸ்’ என்பதுதான் சரி. தமிழில் அந்த ‘எஸ்’ஸைத் தொலைத்துவிட்டதால் நமக்கு மறந்துபோகும்.

‘என்டைஸ்’, ‘லூர்’ ரெண்டும் ஆசை காட்டி இழுப்பது. நம் பேப்பர்களில் ‘ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்றார்’ என்று வருமே, அந்த வாசனை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு ஆள் கடத்தலை விவரிக்கிற இடத்தில் ‘என்டைஸ்’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியது என்றால் அதன் கனம் புரியும். கடைக்காரர் தள்ளுபடி போட்டு வாடிக்கையாளரை இழுப்பதற்கும் ‘என்டைஸ்’ வரும், அங்கே குற்றம் இல்லை. ‘லூர்’ இன்னும் ஒரு படி மேல், பொறி வைத்து இழுக்கிற மாதிரி. பெக்கனில் பொறி கிடையாது, கள்ளத்தனமும் கிடையாது. கூப்பிடுகிறது, வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஒருவரை ஏமாற்றி அழைத்துப் போன செய்தியை எழுதும்போது பெக்கன் போட்டால் செய்தியின் காரம் போய்விடும்.

‘மோஷன்’ என்ற வினையும் சைகைதான், ஆனால் எந்தப் பக்கமும் காட்டலாம். உட்காரச் சொல்லிக் கைகாட்டினால் “ஹி மோஷன்ட் மீ டு ஸிட்”. நீங்கள் ஏற்கெனவே அவர் முன்னால் வந்து நிற்கிறீர்கள் என்றால் பெக்கன் பண்ண என்ன இருக்கிறது?

கடைசியாக ‘வேவ்’. அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர் பெக்கனை அவ்வளவாக எடுப்பதில்லை. “ஷீ வேவ்டு மீ ஓவர்” என்றுதான் சொல்வார்கள். பெக்கன் கொஞ்சம் எழுத்து வாசனை அடிக்கிற சொல். கதை, கட்டுரை, செய்தித் தலைப்பு என்றால் தாராளமாகப் போடுங்கள். குற்றாலத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது ‘வேவ்’ போதும், இல்லாவிட்டால் புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஏழாம் படி: பெக் அண்ட் கால்

“அட் மை பெக் அண்ட் கால்” என்ற தொடரை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர ஒருவர் தயாராக இருப்பது. இதில் வரும் ‘பெக்’ நம் வினையின் சுருங்கிய வடிவம். ‘பெக்’ சைகைக்கும் ‘கால்’ குரலுக்கும். கைகாட்டினாலும் சரி, கூப்பிட்டாலும் சரி, ஆள் வந்து நிற்பார்.

வேகமாகச் சொன்னால் இது ‘பெக்கன் கால்’ என்று காதில் விழும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே அப்படி எழுதிவிடுவது உண்டு. நீங்கள் எழுதாதீர்கள். அப்புறம், இந்தத் தொடரில் எப்போதும் ஒரு புகார் தொனி ஒட்டிக்கொண்டிருக்கும். “ஐ ஆம் நாட் அட் யுவர் பெக் அண்ட் கால்” என்றால், நான் என்ன உன் வேலைக்காரனா என்று கேட்கிற மாதிரி. வேலைக்கான விண்ணப்பத்தில் பணிவு காட்டுவதாக நினைத்து ‘ஐ வில் பி அட் யுவர் பெக் அண்ட் கால்’ என்று எழுதுவது வேண்டாம்.

எட்டாம் படி: எழுதிப் பழகுங்கள்

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் உட்காருங்கள். கொல்லம் பஸ்ஸும் திருநெல்வேலி பஸ்ஸும் வந்து போகிற இடம். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பெக்கனா, காலா, வேவா என்று முடிவு பண்ணி ஒரு வரி எழுதுங்கள். அது முடியாதவர்கள் கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

‘பாட்டி திண்ணையிலிருந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.’ இது எளிது: “ஃப்ரம் த போர்ச், மை கிராண்ட்மதர் பெக்கன்ட் மீ ஓவர்.”

‘படிக்கட்டில் தொங்கியவர்களை உள்ளே வரச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போட்டார்.’ சத்தம் வந்துவிட்டது, பெக்கனுக்கு இடமில்லை: “த கண்டக்டர் ஷவுட்டட் அட் த பாய்ஸ் ஆன் த ஃபுட்போர்ட் டு கெட் இன்சைட்.”

‘கார்த்திகை பிறந்துவிட்டது, மலை கூப்பிடுகிறது.’ சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஆரியங்காவு வழியாகப் போகிற காலம். “கார்த்திகை இஸ் ஹியர், அண்ட் த ஹில் பெக்கன்ஸ்.” எந்த மலை என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டாம். வெளியூர் வாசகருக்கு எழுதினால் ‘சபரிமலா பெக்கன்ஸ்’ என்று பேரைப் போட்டுவிடுங்கள்.

‘வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டி அவர்களை அழைத்துப் போனார்கள்.’ “தே வேர் லூர்ட் வித் ப்ராமிஸஸ் ஆஃப் ஜாப்ஸ் அப்ராட்.” பெக்கன் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள்.

‘லாரியை ஓரங்கட்டச் சொல்லிக் காவலர் கை காட்டினார்.’ இதில்தான் பெரும்பாலானவர்கள் விழுவார்கள். கை இருக்கிறது, சத்தம் இல்லை, ஆனால் திசை? ரோட்டோரத்தைக் காட்டினார் என்றால் “த கான்ஸ்டபிள் வேவ்டு த லாரி டு த சைட்.” ஓடுகிற லாரியைக் கைகாட்டி நிறுத்தினார் என்றால் “ஃப்ளாக்ட் டவுன் த லாரி.” அவரே ஓரத்தில் நின்றுகொண்டு தன் பக்கம் வரச் சொன்னார் என்றால் மட்டும் “பெக்கன்ட் த லாரி ஓவர்.” தமிழ் வாக்கியத்தில் காவலர் எங்கே நின்றார் என்பது இல்லை, அதனால் மூன்றில் எதை எழுதியிருந்தாலும் மார்க் போட்டுக்கொள்ளலாம்.